குமிழி செக்ஸ்டன்ட்டின் முடுக்கப் பிழை: எந்தத் திருத்தத்தைச் செய்வது, எதை விடுவது?

விமானத்திலிருந்து நட்சத்திரம் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் பழைய கலையில் இறங்கியவர்கள், அதாவது ஏலத்தில் ஒரு குமிழி செக்ஸ்டன்ட்டை (நட்சத்திரம் கிடைமட்டத்துக்கு மேலே எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று அளக்கும் கருவி) பிடித்தவர்கள், சிமுலேட்டரில் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு அட்லான்டிக் கடக்கப் பார்ப்பவர்கள், எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். கொரியோலிஸ் (பூமியின் சுழற்சியால் வருவது), ரம்ப் லைன் (ஒரே திசையைப் பிடித்துப் பறக்கும்போது பாதை வளைவதால் வருவது), ஹெட்டிங் (விமானத்தின் மூக்கு காட்டும் திசை) மாற்றம், வேக மாற்றம் என்று திருத்தங்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றையும் போட வேண்டுமா, இல்லை 2 நிமிடச் சராசரி எடுத்தால் எல்லாம் தானாக அடங்கிவிடுமா?

சிக்கல் இதுதான். கப்பலில் செக்ஸ்டன்ட் பிடிப்பவருக்குக் கிடைமட்டத்தைக் காட்ட அடிவானம் இருக்கிறது. மேகத்துக்கு மேலே, இரவில், விமானத்தில் இருப்பவருக்கு அது இல்லை. அதனால் செக்ஸ்டன்ட்டுக்குள் ஒரு திரவக் குமிழியை வைத்தார்கள். அந்தக் குமிழிக்குப் புவியீர்ப்பு எது, விமானத்தின் முடுக்கம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டையும் கூட்டி அதுதான் செங்குத்து என்று சொல்லிவிடும். செங்குத்து 1 கோண நிமிடம் சாய்ந்தால் இடம் 1 கடல் மைல் தள்ளிப் போகும். வேகம் நொடிக்கு 1 நாட் (மணிக்கு 1 கடல் மைல்) வீதம் கூடிக்கொண்டிருந்தால் சாய்வு 3 டிகிரி, அதாவது 180 கடல் மைல்! ஒழுங்காகச் சாய்த்துத் திருப்பும் விமானத்தில் டம்ளரில் இருக்கும் டீ சிந்தாமல் இருப்பதைப் போல, குமிழியும் நடுவிலேயே சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். பார்ப்பவருக்கு எந்தத் தப்பும் தெரியாது.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். திருத்தத்துக்குப் பிறகும் எவ்வளவு பிழை மிஞ்சும்? அதற்கு எவ்வளவு கைவேலை? என்ன கருவி வேண்டும்? நான்காவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் அதுதான் முக்கியம்: தப்பாகப் போனால், தப்பு என்று நமக்குத் தெரியவருமா?

இவற்றோடு, போய்ச் சேர வேண்டிய இடம் எவ்வளவு பெரியது என்பதும் உண்டு. 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் கேட்டலினா பறக்கும் படகுகள் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலை ஏரிக்கு ரேடியோ மௌனத்தில், வானத்தைப் பார்த்தே, சுமார் 3,500 கடல் மைல் பறந்தன. ஒரு பயணம் 27 மணி நேரத்துக்கு மேல். பயணிகள் இரண்டு சூரிய உதயம் பார்த்தார்கள், பெயரும் அப்படியே 'இரட்டைச் சூரியோதயம்' என்று வந்தது. ஆனால் கடைசியில் எதிரே வருவது இலங்கை என்ற பெரிய தீவு. 10 மைல் பிழை இருந்தாலும் கரை கண்ணில் படும், கரையைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். 1931-ல் பிரான்சிஸ் சிச்செஸ்டர் ஒற்றை ஆளாக நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே இருக்கும் டாஸ்மன் கடலைக் கடந்தபோது வழியில் பிடிக்க வேண்டியிருந்தது நார்ஃபோக் தீவு, சுமார் 8 கிலோமீட்டர் நீளம். அங்கே அதே 10 மைல் என்பது தீவைத் தவறவிடுவதற்குச் சமம்.

## பிழைகளின் அளவு

வாதம் செய்வதற்கு முன்னால் எண்களைப் பார்த்துவிடுவோம். மெதுவாகப் போகும் ஒரு கேட்டலினா, வேகமாகப் போகும் ஒரு ஜெட், இரண்டிலும் 2 நிமிடச் சராசரி ஷாட் (ஒரு நட்சத்திரத்தை ஒருமுறை அளப்பது).

| பிழையின் காரணம் | 110 நாட், அட்சரேகை 32° | 450 நாட், அட்சரேகை 50° |
|---|---|---|
| கொரியோலிஸ் | 1.5 கடல் மைல் | 9 கடல் மைல் |
| ரம்ப் லைன் (நேர் கிழக்கு அல்லது மேற்கு) | 0.1 | 3.5 |
| 2 நிமிடத்தில் ஹெட்டிங் 1° மாறினால் | 2.9 | 11.8 |
| 2 நிமிடத்தில் வேகம் 5 நாட் மாறினால் | 7.5 | 7.5 |

மெதுவான விமானத்தில் எதிரி வேக மாற்றம். ஜெட்டில் எதிரி ஹெட்டிங். ஒருவர் எழுதிய அனுபவக் குறிப்பை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்ளும்போது வரும் குழப்பத்தில் பாதி இதனால்தான், இருவரும் ஓட்டியது வேறு வேறு வேகத்தில்.

கொரியோலிஸையும் ஹெட்டிங் மாற்றத்தையும் தனித்தனிப் பூதங்களாக நினைக்கத் தேவையில்லை. பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, கொரியோலிஸில் அது இரட்டிப்பாகி 30 டிகிரி, அதாவது 2 நிமிடத்துக்கு 1 டிகிரி. வட துருவத்தில் நேராகப் பறப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் விமானம், குமிழியின் கண்ணுக்கு 2 நிமிடத்தில் 1 டிகிரி இடது பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறது. மற்ற இடங்களில் அதை அட்சரேகையின் சைனால் பெருக்கிக்கொள்ள வேண்டும், நடுக்கோட்டில் பூஜ்ஜியம்.

## 1. சராசரி மட்டும் எடுத்து நிறுத்திக்கொள்வது

போர்க்காலத்து பிரிட்டிஷ் மார்க் 9ஏ செக்ஸ்டன்ட்டில் கடிகாரப் பொறி ஒன்று இருந்தது, 2 நிமிடத்தில் 60 அளவுகளை எடுத்துச் சராசரியைத் தந்துவிடும். அமெரிக்க ஏ-10 வகையில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பென்சில் கோடு விழும், கோடுகளின் நடுவைக் கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

சராசரி என்ன செய்கிறது என்பதைத்தான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். முடுக்கம் என்பது வேகம் மாறும் வீதம். 2 நிமிட முடுக்கத்தின் சராசரி என்றால், கடைசி வேகத்திலிருந்து முதல் வேகத்தைக் கழித்து 120 நொடியால் வகுப்பதுதான், வேறொன்றும் இல்லை. நடுவில் விமானம் ஆடினாலும் அலைந்தாலும், மூக்கை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தாலும் அந்தக் கணக்கில் வராது. தொடங்கியபோது இருந்த ஹெட்டிங்கிலும் வேகத்திலும் முடித்தால் ஆட்டம் எல்லாம் அடிபட்டுப் போகும். இல்லையென்றால் வித்தியாசம் முழுவதும் பிழையாக வந்து உட்காரும். நேரத்தை இரட்டிப்பாக்கினால் அந்தப் பிழை பாதியாகும், காணாமல் போகாது. பென்சில் கோட்டு முறையில் எடுப்பது இடைநிலை அளவு என்பதால் இந்தக் கணக்கு அங்கே அச்சாகப் பொருந்தாது. அந்தக் கருவி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகப்பட வேண்டும்.

கைவேலை இல்லை, கூடுதல் கருவி வேண்டாம். அதெல்லாம் சரி. ஆனால் கொரியோலிஸ் ஆடும் பிழை இல்லை, ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டே இருக்கும் பிழை, எத்தனை நிமிடம் சராசரி எடுத்தாலும் ஒரு துளி குறையாது.

மறைந்திருக்கும் செலவு இதைவிட மோசம். மூன்று நட்சத்திரம் எடுத்து மூன்று நிலைக்கோடு (இந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறோம் என்று ஒவ்வொரு ஷாட்டும் வரைபடத்தில் தரும் கோடு) வரைந்தால் சின்ன முக்கோணம் கிடைக்கும், 'ஆகா, அருமையான ஃபிக்ஸ்' என்று சந்தோஷப்படுவோம். குமிழி காட்டும் செங்குத்து சாய்ந்தால் மூன்று கோடும் சேர்ந்து ஒரே பக்கம் நகரும். முக்கோணம் அழகாகவே மூடும், 9 மைல் தள்ளி. எதிரெதிர் திசை நட்சத்திரங்களை எடுப்பதால் கருவியின் சொந்தப் பிழை அடிபடும், இது அடிபடாது. நான்காவது கேள்வியில் இந்த வழி முழுத் தோல்வி.

நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் மெதுவான விமானம் என்றால் இதுவே போதும். கொக்கலை 6 டிகிரி வடக்கில் இருக்கிறது, அங்கே 110 நாட்டில் கொரியோலிஸ் 0.3 மைல். செக்ஸ்டன்ட்டைப் பிடிக்கும் கையின் நடுக்கம் அதைவிடப் பெரிது.

## 2. சராசரியோடு கொரியோலிஸை மட்டும் சேர்ப்பது

விலைக்கு ஏற்ற சரக்கு என்றால் இதைத்தான் சொல்வேன். கணக்கு ஒரு வரி: 2.62 × (தரை வேகம் ÷ 100) × அட்சரேகையின் சைன். விடை கடல் மைலில் வரும். அதைக்கூடப் போட வேண்டாம், ஏர் அல்மனாக்கில் (விமான நேவிகேட்டர்களுக்கான வானியல் அட்டவணை நூல்) அட்டவணையாகவே அச்சிட்டிருக்கிறார்கள். வட கோளத்தில் நிலைக்கோட்டைப் பாதைக்கு வலப்பக்கம் அத்தனை மைல் நகர்த்த வேண்டும், தென் கோளத்தில் இடப்பக்கம். நட்சத்திரம் எந்தத் திசையில் இருந்தாலும் அதே நகர்த்தல்தான். முன்னாலோ பின்னாலோ இருக்கும் நட்சத்திரத்தின் கோடு பாதைக்குக் குறுக்கே கிடப்பதால் அது தன் மேலேயே வழுக்கிக்கொள்ளும், பிழையும் இல்லை, திருத்தமும் தெரியாது. பக்கவாட்டு நட்சத்திரத்துக்கு முழு அடியும் விழும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. நடுக்கோட்டைக் கடக்கும் விமானத்தில் வலம் இடமாகும். பெர்த்–கொக்கலை மாதிரிப் பயணத்தில் அங்கே எண்ணே பூஜ்ஜியத்தை ஒட்டி இருப்பதால் பழைய பழக்கத்தில் தப்பாகப் போட்டாலும் பெரிய சேதம் இல்லை. ஜெட்டில் 50 டிகிரியில் திசையைத் தப்பாகப் போட்டால் 9 மைல் பிழை 18 ஆகிவிடும். அதற்குத் திருத்தமே போடாமல் இருந்திருக்கலாம்.

காந்தத் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஹெட்டிங்கில் பறப்பவர்கள் ரம்ப் லைன் திருத்தத்தையும் இங்கேயே சேர்த்துவிடலாம். வட கோளத்தில் கிழக்கே போனால் கொரியோலிஸோடு கூட்டல், மேற்கே போனால் கழித்தல். 50 டிகிரிக்குக் கீழே, 300 நாட்டுக்குக் குறைவாக இருந்தால் 2 மைலைத் தாண்டாது, நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

## 3. ஹெட்டிங், வேகம் எல்லாம் சேர்த்து முழுத் திருத்தம்

ஷாட் தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை ஹெட்டிங்கையும் வேகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அடிப்படை. சராசரியைப் பற்றி மேலே சொன்ன கணக்கு இங்கேதான் கை கொடுக்கிறது, நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை, இரண்டு முனைகள் போதும்.

450 நாட், 50 டிகிரி வடக்கு, நேர் கிழக்கு. ஷாட்டின்போது ஹெட்டிங் 1 டிகிரி இடது பக்கம் நழுவியிருக்கிறது. கொரியோலிஸ் 9 வலம், ரம்ப் லைன் 3.5 வலம், இடது திருப்பம் 11.8 வலம். மொத்தம் 24 மைலுக்கு மேல். அதே ஷாட்டில் 1 டிகிரி வலது பக்கம் நழுவியிருந்தால்? 12.5-லிருந்து 11.8 போக மிச்சம் 0.7. ஆட்டோபைலட்டின் கண்ணுக்கே தெரியாத ஒரு நழுவல், திருத்தத்தை 24 மைலாகவும் ஆக்குகிறது, ஒன்றுமில்லாமலும் ஆக்குகிறது. கொரியோலிஸை மட்டும் போட்டு நிம்மதியாக இருந்த ஜெட்காரர் இரண்டு நிலையிலும் தப்பு, ஒன்றில் 15 மைல், இன்னொன்றில் 8.

வேகத்துக்கு ஒரே விதி: 2 நிமிடத்தில் கூடிய ஒவ்வொரு நாட்டுக்கும் கோட்டை 1.5 மைல் பின்னால் நகர்த்து, குறைந்திருந்தால் முன்னால். விமானம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது இங்கே பொருட்டே இல்லை, மாற்றம் மட்டும்தான்.

கைவேலை கணிசமாகக் கூடும், நேவிகேட்டரால் மட்டும் முடியாது. கண் செக்ஸ்டன்ட்டில் இருக்கும்போது திசைகாட்டியைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். அதுவும் சாதாரணக் காந்தத் திசைகாட்டி போதாது, அது திருப்பத்தில் தானே அலையும், குமிழியைச் சாய்க்கும் அதே முடுக்கம் அதையும் சாய்க்கிறது. சுழலும் சக்கரத்தை வைத்துத் திசையைப் பிடிக்கும் ஜைரோ திசைகாட்டிதான் வேண்டும்.

அந்த ஜைரோவை எவ்வளவு துல்லியமாகப் படிக்க முடியும் என்பதில்தான் இந்த வழியின் கூலி ஒளிந்திருக்கிறது. தொடக்கத்தில் அரை டிகிரி, முடிவில் அரை டிகிரி கண் தவறினால், 450 நாட்டில் திருத்தத்துக்குள்ளேயே 12 மைல் வரை பிழை புகுந்துவிடும். அரை டிகிரிக்குள் இருக்கும் நழுவலைத் திருத்தப் போனால் நோயைவிட மருந்து பெரிதாகிவிடுகிறது. தெளிவாக 1 டிகிரி அல்லது அதற்கு மேல் மாறியது தெரிந்தால் மட்டும் போடுங்கள். வேகமானியும் அப்படித்தான், மேல் கீழாகத் துடிக்கும் முள்ளில் 2 நாட் என்று படித்து 3 மைல் நகர்த்துவதில் அர்த்தம் இல்லை. எதிர்க்காற்று மாறினால் தரை வேகம் மாறும், வேகமானி அதை ஒழுங்காகக் காட்டவும் காட்டாது.

## 4. கெட்ட ஷாட்டைத் தூக்கி எறிவது

ஹெட்டிங் 1 டிகிரிக்கு மேல் மாறினால், வேகம் 3 நாட்டுக்கு மேல் மாறினால், திருத்தாமல் அந்த ஷாட்டையே விட்டுவிட்டு மறுபடி எடுப்பது. நல்ல ஆட்டோபைலட் இருந்து, வானம் அமைதியாக இருந்தால் இது மூன்றாவது வழியைவிடச் சுத்தமானது, கணக்குத் தப்பும் வாய்ப்பே இல்லை.

செலவு நேரம். ஒரு ஷாட்டுக்கு 4 நிமிடம் போனால் ஜெட் 30 மைல் போயிருக்கும். பழைய நிலைக்கோடுகளை அவ்வளவு தூரம் முன்னால் தள்ளி வரைய வேண்டும், தள்ளும் தூரத்தில் காற்றைப் பற்றிய நம் ஊகம் கலந்துவிடும். மேக இடைவெளியில் ஒரே ஒரு நட்சத்திரம் தலைகாட்டும் இரவில் எறிவதற்கு மனம் வராது, வரவும் கூடாது. அப்போது மூன்றாவது வழிக்குப் போக வேண்டியதுதான்.

## 5. குமிழியை விட்டு, கடல் அடிவானத்தைப் பிடிப்பது

முடுக்கப் பிழையை அடியோடு ஒழிக்கும் மலிவான வழி இதுதான். அடிவானம் சாயாது. சிச்செஸ்டர் செய்தது இதுதான், ஒரு கையில் விமானம், ஒரு கையில் செக்ஸ்டன்ட், கடல் விளிம்பிலிருந்து சூரியன்.

ஆனால் உயரே இருந்து பார்க்கும்போது அடிவானம் கீழே இறங்கித் தெரியும். 1,000 அடியில் சுமார் 31 கோண நிமிடம், 10,000 அடியில் 97. அதைக் கழித்துவிடலாம், உயரம் சரியாகத் தெரிந்திருந்தால். 1,000 அடியில் உயரமானி 100 அடி தப்பினால் 1.5 மைல் பிழை, 300 அடி உயரத்தில் பறக்கும்போது அதே 100 அடி தப்பினால் 3 மைல். கடலுக்கு நடுவில் உள்ளூர் காற்றழுத்தம் தெரியாமல் உயரமானியை நம்புவது எப்படி என்று பறப்பவர்களுக்குத் தெரியும். இரவில் அடிவானம் இல்லை, புகைமூட்டத்தில் இல்லை, மேகத்துக்கு மேலே தெரிவது மேகத்தின் விளிம்பு, அதை அடிவானம் என்று எடுத்தால் கதை முடிந்தது. 1922-ல் தெற்கு அட்லான்டிக் கடந்த போர்ச்சுகலின் காகோ கூட்டின்யோ செக்ஸ்டன்ட்டுக்குள்ளேயே செயற்கை அடிவானம் வைத்துக்கொண்டது இந்தச் சிக்கலால்தான். நடுக்கடலில் இருக்கும் செயின்ட் பீட்டர், செயின்ட் பால் பாறைகளை அந்த விமானம் தேடிப் பிடித்தது.

பகல், தாழ்வான பறத்தல், தெளிவான கடல். இந்த மூன்றும் இருந்தால் கப்பல் செக்ஸ்டன்ட்டை எடுங்கள், மேலே சொன்ன அட்டவணை எதுவும் வேண்டாம்.

## 6. இனர்ஷியல் மேடை

பணம் இருந்தால் என்று தொடங்கும் வழி. 84.4 நிமிட அலைவுக் காலத்துக்குச் சரிசெய்த இனர்ஷியல் மேடையை (ஜைரோக்களும் முடுக்கமானிகளும் சேர்ந்து மட்டமாகப் பிடித்து வைத்திருக்கும் மேடை) விமானத்தின் முடுக்கம் ஏமாற்ற முடியாது, அது செங்குத்தை நினைவில் வைத்திருக்கும். அதன் மேல் ஒரு தொலைநோக்கியை வைத்து நட்சத்திரம் பார்த்தால் கொரியோலிஸ் எல்லாம் கணினிக்குள் போய்விடும். எஸ்ஆர்-71 என்ற அமெரிக்க உளவு விமானம் அப்படித்தான் பறந்தது, பகலிலேயே நட்சத்திரம் பிடித்துக்கொண்டு. சாதாரண ஜைரோ அடிவானத்தைப் பார்த்து இதுவும் அதுவும் ஒன்று என்று நினைக்காதீர்கள், அந்த ஜைரோவை மெல்ல மெல்ல நிமிர்த்துவது ஒரு ஊசலோ குமிழியோதான், நீண்ட திருப்பத்தில் அதுவும் சேர்ந்து சாயும்.

## சரி, யாருக்கு எது

120 நாட்டுக்குக் கீழே, வெப்பமண்டலத்தில்: சராசரி எடுங்கள், ஷாட்டின்போது த்ராட்டிலையும் உயரத்தையும் தொடாதீர்கள் என்று பைலட்டிடம் சொல்லுங்கள், கொரியோலிஸ் விருப்பம். அங்கே 5 நாட் வேக மாற்றம் உங்கள் மற்ற எல்லாப் பிழைகளையும் விழுங்கிவிடும்.

200 முதல் 300 நாட், நடு அட்சரேகை, அதாவது பழைய நான்கு எஞ்சின் பிஸ்டன் விமானங்கள்: இரண்டாவது வழியும் நான்காவதும் சேர்ந்து. கொரியோலிஸ் எப்போதும், கெட்ட ஷாட் குப்பையில்.

ஜெட்: கொரியோலிஸும் ரம்ப் லைனும் எப்போதும், ஹெட்டிங் திருத்தம் 1 டிகிரியிலிருந்து, பார்க்க இன்னொரு ஆள். இன்னொரு ஆள் இல்லையா, நான்காவது வழி.

பயணியாக ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து விளையாட்டாக எடுப்பவர்களுக்குத் தெரியும் வானம் முழுக்கப் பக்கவாட்டு வானம்தான், அதனால் கொரியோலிஸ் முழுசாக விழும். ஆனால் சென்னை–சிங்கப்பூர் பாதையில், 13 டிகிரியில் தொடங்கி 1 டிகிரியில் முடியும்போது, அது 450 நாட்டில் 2.7 மைலைத் தாண்டாது. ஹெட்டிங்கைப் படிக்க வழியில்லாததால் மற்றதைத் திருத்தவும் முடியாது, 10 மைலுக்குள் வந்தால் சந்தோஷப்படலாம்.

சிமுலேட்டர்காரர்கள் எந்த அட்டவணையையும் எடுப்பதற்கு முன் ஒன்றைச் சோதிக்க வேண்டும். உங்கள் செக்ஸ்டன்ட் நிரல் குமிழியின் பிழையைக் காட்டுகிறதா, இல்லை நட்சத்திரத்தின் உண்மை உயரத்தையே காட்டிவிடுகிறதா? இரண்டாவது என்றால் நீங்கள் போடும் ஒவ்வொரு திருத்தமும் புதிதாகச் சேர்க்கும் பிழை. 60 டிகிரி வடக்கில், நேர் வடக்கே, 450 நாட்டில் ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டு, வலது பக்கம் நேர் கிழக்கே இருக்கும் நட்சத்திரம் ஒன்றை எடுங்கள். உண்மையான இடத்துக்குக் கணக்கிட்ட உயரத்தைவிடச் சுமார் 10 கோண நிமிடம் குறைவாக வந்தால் நிரல் கொரியோலிஸைக் காட்டுகிறது, இடது பக்க நட்சத்திரம் அதே அளவு கூடுதலாக வர வேண்டும். இரண்டும் சரியாகவே வந்தால் அட்டவணையை மூடி வைத்துவிட்டுச் சராசரியை மட்டும் எடுங்கள்.